அணுவும் அதன் கருவும்: கம்பம் பள்ளத்தாக்குச் சான்றுகளின் வழி எலக்ட்ரான் அமைப்பு விளக்கமும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

அணுவினுள் எலக்ட்ரான்கள் அமைந்துள்ள முறையைத் தேனி மாவட்டத்திலும் அதனை அடுத்த மலைகளிலும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கொடைக்கானல் வானாய்வகத்தின் நிறமாலைப் பதிவுகள், திராட்சைத் தோட்டங்களில் பயன்படும் மயில்துத்தம், பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் இரும்புக் காந்தம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விளக்கத்தின் ஊடே, ‘அணு’ என்னும் சொல் அணு முழுமைக்கும் அணுக்கருவுக்கும் ஒருங்கே வழங்குவதால் நேரும் பொருள் மயக்கமும், ‘சுற்றுப்பாதை’, ‘கூடு’, ‘மின்னணு’ முதலிய கலைச்சொற்களின் பொருத்தப்பாடும் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: அணு, அணுக்கரு, எலக்ட்ரான் அமைப்பு, ஆர்பிட்டால், மயில்துத்தம், பொட்டிப்புரம், நியூட்ரினோ, கலைச்சொல்லாக்கம்.

1. பொட்டிப்புரமும் ஒரு சொல்லும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பொட்டிப்புரம், இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் தமிழகமெங்கும் பெயர் அறியப்பட்ட சிற்றூர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று வகுத்த இத்திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஊருக்கு அருகிலுள்ள மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கப் பாதையும், அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட குகையும் அமைப்பது திட்டம். குகையின் மேலும் பக்கங்களிலும் 1 கி.மீ.க்கு மேற்பட்ட தடிப்பில் பாறை இருக்க வேண்டும் என்பதே இம்மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம்.

திட்டம் அறிவிக்கப்பட்டதும் பள்ளத்தாக்கில் எழுந்த எதிர்ப்புகள் பலதரப்பட்டவை. காடு, நிலத்தடி நீர், பாறை வெடிப்பின் அதிர்வு, முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பு ஆகியவை பற்றிய கேள்விகள் ஒருபுறம் எழுந்தன. அம்மலைக்குகை அணுக்கழிவுகளைச் சேமிக்கும் இடமாக மாறிவிடும் என்ற அச்சம் மறுபுறம் எழுந்தது. முதல்வகைக் கேள்விகள் மண்ணியலும் சூழலியலும் சார்ந்தவை. அவற்றுக்கான விடையை அத்துறைகளிலேயே தேட வேண்டும். இரண்டாவது அச்சம் வேறு வகையானது. அதன் வேர்களுள் ஒன்று தமிழில் ‘அணு’ என்னும் சொல் வழங்கும் முறையில் உள்ளது. திட்டத்துக்கு நிதியளிக்கும் துறைகளுள் ஒன்றின் பெயரே அணுசக்தித் துறை என்பதும் கருதத்தக்கது. அப்பெயரைக் கேட்ட உழவர் ஒருவர் கூடங்குளத்தை நினைத்தால், அதற்கு அவருடைய அறியாமையைக் காரணம் கூறுவது நேர்மையாகாது. மொழி அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

2. ‘அணு’ சுமக்கும் பொருள்கள்

மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகவாதி தன் கொள்கையை விளக்குமிடத்து, நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைக் கூறுகிறான். அவை தொடக்கமில்லாதவை, பிளவுபடாதவை, ஒருவகை அணு மற்றொரு வகையாகத் திரியாதது, திரளும்போது மலை முதலிய பருப்பொருள்கள் தோன்றுகின்றன. பிளவுபடாமை, திரியாமை, திரளுதல் என்னும் இம்மூன்று கூறுகளுள் இன்றைய அறிவியல் முதலிரண்டையும் மறுத்துவிட்டது. மூன்றாவது கூறு மட்டும் வேறு வடிவில் நிற்கிறது. அணுக்கள் எவ்வாறு திரள்கின்றன என்பதற்கு விடை கூறுவதே எலக்ட்ரான் அமைப்பைப் பற்றிய கல்வி.

தற்காலத் தமிழில் ‘அணு’ இதனினும் பரந்த எல்லையில் வழங்குகிறது. உயிரணு, இரத்த அணு, விந்தணு, மரபணு என உயிரியலில் அது ‘மிகச் சிறிய அலகு’ என்ற பொதுப்பொருளைத் தருகிறது. மின்னணு என்னும் தொடரில் எலக்ட்ரானைக் குறிக்கிறது. எலக்ட்ரான் அணுவின் ஓர் உறுப்பே அன்றி அணு அன்று. ஆகவே சொற்பொருள் நோக்கில் மின்னணு வழுவுடையது. எனினும் மின்னணுவியல், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என வழக்கில் வேரூன்றிவிட்ட சொல்லை இனிப் பெயர்த்தெடுப்பது வீண் முயற்சி. அணு உலை, அணுகுண்டு, அணுக்கழிவு ஆகியவற்றில் இதே சொல் கருவை மட்டும் குறிக்கிறது. முதலிரு வழக்குகளும் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. இரத்த அணுவைக் கேட்டு யாரும் கதிர்வீச்சை நினைப்பதில்லை. மயக்கம் மூன்றாவது வழக்கில்தான் பிறக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆங்கிலத்திலும் முதலில் அணுவின் பெயராலேயே குண்டும் ஆற்றலும் வழங்கின. பின்னர்க் கருவின் பெயரடை பெருமளவு அவ்விடத்தைப் பிடித்தது. தமிழில் ‘அணுக்கரு’ என்ற தெளிவான சொல் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்தும் பொதுவழக்குக்கு வந்து சேரவில்லை.

கருவுக்கும் அணுவுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் உள்ளதன்று. எனினும் அளவிலிருந்து தொடங்குவது பயன் தரும். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டார். 1911-ல் எர்னஸ்ட் ரதர்போர்டு அணுவின் நேர்மின்னூட்டமும் ஏறத்தாழ முழு நிறையும் நடுவிலுள்ள ஒரு நுண்கருவில் குவிந்துள்ளன என முடிவு செய்தார். இரும்பு அணுவின் கருவைச் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடுகாகப் பெருக்கினால், அணு 50 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடையதாக விரியும். அக்கடுகினுள் அணுவின் நிறையில் ஏறத்தாழ முழுவதும் அடங்கிவிடும். எஞ்சிய அகன்ற பரப்பு முழுவதும் 26 எலக்ட்ரான்களின் ஆட்சிக்கு உரியது. கதிரியக்கம், பிளவு, பிணைவு ஆகியவை கடுகுக்குள் நிகழ்பவை. நிறம், சுவை, கடினம், காந்தம், மின்கடத்தல், எரிதல், துருவேறல் ஆகியன கடுகுக்கு வெளியே எலக்ட்ரான்களால் நிகழ்பவை. அன்றாட வாழ்வில் மனிதன் தொடும் பொருட்பண்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகையின.

3. கொடைக்கானலின் ஒளியும் எழுத்துப் பெயர்களும்

எலக்ட்ரான்கள் அமைந்துள்ள முறை ஒளியின் வழியாகவே முதலில் அறியப்பட்டது. பெரியகுளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் வானாய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரிய ஒளியை நிறமாலையாக விரித்துப் பதிவு செய்வது அதன் தலையாய பணி. ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்குதான். நிறமாலைக் கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியே அவருக்குச் சான்றாக அமைந்தது. கால்சியத்தின் ‘கே’ கோட்டில் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இவ்வாய்வகத்தின் நெடுங்காலச் செல்வம்.

இக்கோடு எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிந்தால் எலக்ட்ரான் அமைப்பின் அடிப்படை விளங்கும். கால்சியம் அணுவில் 20 எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் 18 உட்புற நிலைகளில் நிறைந்து அடங்கியுள்ளன. 2 மட்டும் புறத்தே நான்காம் கூட்டில் உள்ளன. சூரியனின் வெம்மையில் அவ்விரண்டில் ஒன்று கழன்றுவிடுகிறது. எஞ்சி நிற்கும் ஒற்றை எலக்ட்ரான் 393.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை உட்கொண்டு அதே கூட்டின் மேல்நிலை ஒன்றுக்கு உயர்கிறது. நிறமாலையில் அவ்விடம் இருண்டு தோன்றுகிறது. இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட ஆற்றலை எலக்ட்ரான் ஏற்பதில்லை. படிகளில் நிற்கலாம், படிகளுக்கு நடுவே நிற்க இயலாது என்ற இவ்வரையறையை 1913-ல் நீல்ஸ் போர் ஹைட்ரஜனுக்குக் கணக்கிட்டுக் காட்டினார். வெப்பநிலைக்கும் எலக்ட்ரான் கழல்வதற்கும் உள்ள தொடர்பை 1920-ல் மேகநாத் சாஹா சமன்பாடாக்கினார். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் திறவுகோலாக அச்சமன்பாடு அமைந்தது.

போரின் கோட்பாட்டில் எலக்ட்ரான் குறித்த வட்டப் பாதைகளில் கருவைச் சுற்றி வந்தது. தமிழில் ‘சுற்றுப்பாதை’ என்ற சொல் அப்படத்திலிருந்து பிறந்ததே. கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுவது போன்ற அப்படம் கற்பவர் உள்ளத்தில் எளிதில் பதிகிறது. பதிந்த பின் எளிதில் அகல்வதில்லை. ஆனால் 1926-ல் எர்வின் ஷ்ரோடிங்கர் அமைத்த அலைச் சமன்பாட்டில் பாதை என்ற கருத்துக்கே இடமில்லை. எலக்ட்ரான் ஓரிடத்தில் காணப்படுவதற்கான நிகழ்தகவை மட்டுமே அச்சமன்பாடு தருகிறது. அந்நிகழ்தகவின் பரவலே ஆர்பிட்டால். அது சில நிலைகளில் கோள வடிவினது; சில நிலைகளில் நடுவில் ஒடுங்கி இருபுறமும் பருத்தது; வேறு சிலவற்றில் நான்கு இதழ்களுடையது. தமிழகப் பாடநூல்கள் ‘ஆர்பிட்டால்’ என ஒலிபெயர்த்து வழங்குவது, பொருள் புரியாத சொல் என்ற குறைகூறலுக்கு ஆளானாலும், தவறான படத்தைத் தாராமையால் ஏற்கத்தக்கது. ‘சுற்றுப்பாதை’ புரியும், ஆனால் புரிவது பிழையாக இருக்கும்.

‘கூடு’ என்னும் சொல்லின் நிலை வேறு. ஓடு என்றால் தேங்காய் ஓட்டைப் போன்ற கடினமான எல்லை நினைவுக்கு வரும். கூடு அவ்வாறன்று; தங்குமிடம் என்ற பொருளே அதில் முந்துகிறது; பாதையையோ சுவரையோ அது வற்புறுத்துவதில்லை. ஆகவே முதன்மைக் குவாண்டம் எண்ணால் குறிக்கப்படும் ஆற்றல் நிலைத் தொகுதிக்குக் ‘கூடு’ என்பதும், அதன் உட்பிரிவுக்கு ‘உட்கூடு’ என்பதும் பொருந்துவனவே. ஈழத்துப் பாடநூல் மரபில் எலக்ட்ரான் ‘இலத்திரன்’ எனவும் அதன் அமைப்பு ‘இலத்திரன் நிலையமைப்பு’ எனவும் வழங்கும். ‘நிலையமைப்பு’ என்ற சொல்லில் நிலை, அமைப்பு ஆகிய இரண்டு கருத்துகளும் கூடிவருவது தமிழகத்தார் நோக்கத்தக்கது.

உட்கூடுகள் எஸ், பி, டி, எஃப் என்னும் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இவ்வெழுத்துகளுக்கும் உட்கூட்டின் வடிவத்துக்கும் தொடர்பில்லை. குவாண்டம் கோட்பாட்டுக்கு முன்பே நிறமாலை ஆய்வாளர்கள் தாம் கண்ட கோட்டுத் தொடர்களைக் கூரியவை, முதன்மையானவை, விரவியவை, அடிப்படையானவை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் வகைப்படுத்தினர். அச்சொற்களின் முதலெழுத்துகளே இவை. கண்ணுக்குத் தோன்றிய தோற்றத்தைக் குறித்த அடைமொழி, காரணம் அறியப்பட்ட பின்னும் குறியீடாக எஞ்சி நிற்கிறது. சொல்லியல் அறிஞர்க்கு இது புதிய செய்தியன்று. எல்லா மொழிகளிலும் ஆகுபெயர்கள் இவ்வாறே உறைகின்றன.

உட்கூடுகள் நிரம்பும் ஒழுங்கு மூன்று விதிகளால் அமைகிறது. எலக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த நிலையை முதலில் நிரப்புகின்றன. ஓர் ஆர்பிட்டாலில் இரண்டுக்கு மேல் இடமில்லை. அவ்விரண்டும் தற்சுழற்சியில் எதிரெதிரானவை. இது 1925-ல் வூல்ஃப்காங் பௌலி கண்ட தவிர்ப்புத் தத்துவத்தின் விளைவு. எஸ், பி, டி, எஃப் உட்கூடுகளில் முறையே 1, 3, 5, 7 ஆர்பிட்டால்கள் உள்ளமையால் அவை 2, 6, 10, 14 எலக்ட்ரான்களைக் கொள்ளும். மூன்றாவது விதி பிரெடரிக் ஹூண்டின் பெயரால் வழங்குவது. சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே அமர்கின்றன, இடமில்லாதபோதே இணைகின்றன. இருவர் அமரும் பேருந்து இருக்கைகளை இதற்கு உவமை கூறும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அவ்வுவமை எண்ணிக்கையைச் சரியாகக் காட்டும்; காரணத்தைக் காட்டாது. தனித்து அமர்ந்த எலக்ட்ரான்கள் யாவும் ஒரே திசைத் தற்சுழற்சி கொள்கின்றன என்பதே இவ்விதியின் உயிர். பயணிகளுக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை.

4. மயிலும் பாலும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் போடி மலையின் ஏலத் தோட்டங்களிலும் போர்டோ கலவை நன்கு அறிமுகமான பூஞ்சைக்கொல்லி. 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரில் கலந்தது 1 விழுக்காட்டுக் கலவை. பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடியைத் தாக்கிய அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாக 1880-களில் இது அறிமுகமானது. தெளித்த இலைகளில் படியும் நீலப் பூச்சைப் பள்ளத்தாக்கில் கண்டறியாதார் இலர். அந்நீலம் செம்பின் எலக்ட்ரான் அமைப்பிலிருந்து வருவது.

செம்பில் 29 எலக்ட்ரான்கள். நிரப்பு ஒழுங்கின்படி 3டி உட்கூட்டில் 9-ம் 4எஸ் உட்கூட்டில் 2-ம் இருத்தல் வேண்டும். ஆனால் செம்பு இவ்வொழுங்குக்குப் புறனடை. அதன் 3டி உட்கூடு 10 கொண்டு முழுமையுறுகிறது. 4எஸ் உட்கூட்டில் ஒன்றே எஞ்சுகிறது. மயில்துத்தத்தில் செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனியாக உள்ளது. 4எஸ் எலக்ட்ரானும் 3டி எலக்ட்ரான் ஒன்றும் நீங்கியமையால் 3டி-யில் 9 எஞ்சுகின்றன; அதாவது 10 இடங்களுள் ஓரிடம் வெற்றிடம். அயனியைச் சூழ்ந்துள்ள நீர் மூலக்கூறுகள் ஐந்து டி ஆர்பிட்டால்களின் ஆற்றலைச் சமமாக இராதவாறு பிரித்துவிடுகின்றன. தாழ்நிலையிலுள்ள எலக்ட்ரான் சிவப்புப் பகுதியின் ஒளியை உட்கொண்டு மேல்நிலை வெற்றிடத்துக்கு ஏறுகிறது. உட்கொள்ளப்படாமல் திரும்பும் ஒளி நீலமாகக் கண்ணை அடைகிறது. மயில்துத்தத்தைச் சூடேற்றி நீரை நீக்கினால் அது வெளிறிய பொடியாகிறது. ஒரு துளி நீர் பட்டதும் நீலம் மீள்கிறது. செம்பின் கருவில் இதற்கிடையே எவ்வகை மாற்றமும் நிகழவில்லை.

செம்பை அடுத்து நிற்கும் தனிமம் துத்தநாகம். 30 எலக்ட்ரான்கள் கொண்டது. அது இரண்டு 4எஸ் எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது 3டி உட்கூட்டில் பத்தும் நிறைந்தே உள்ளன. மேல்நிலையில் வெற்றிடம் இல்லை. ஆகவே அவ்வழியில் ஏற்றமில்லை, நிறமுமில்லை. பள்ளத்தாக்கின் நெல்வயல்களில் நுண்ணூட்டமாக இடப்படும் துத்தநாக சல்பேட் வெண்மையாக இருப்பது இதனாலேயே. சித்த மருத்துவ மரபு செம்பின் உப்பை மயில்துத்தம் எனவும் துத்தநாகத்தின் உப்பைப் பால்துத்தம் எனவும் வழங்கியது. துத்தம் என்ற பொதுப்பெயரின் கீழ் மயில், பால் என்னும் இரு அடைகள் அமைந்துள்ளன. (ஏழிசையில் இரண்டாவதாகிய துத்தம் இதனின் வேறானது.) 3டி-யில் ஓர் எலக்ட்ரான் குறைவதும் நிறைவதுமாகிய வேறுபாடு இவ்விரண்டு அடைகளில் பதிந்துள்ளது. பெயரிட்டோர் அதனை அறிந்திலர், அறியத் தேவையுமில்லை. ஆயினும் ஒரே வகை உப்பின் இரு வடிவங்கள் எனக் கண்டு பொதுப்பெயரும் சிறப்பு அடையும் தந்த வகைப்பாட்டு நுட்பம் பாராட்டத்தக்கது. இரும்பின் இத்தகைய உப்பு வெளிர்பச்சை நிறமுடையது. அதற்கு அன்னபேதி என்று தனிப்பெயர். அதன் அயனியில் 3டி எலக்ட்ரான்கள் 6.

5. பொட்டிப்புரத்தின் இரும்பு

இந்த ஆறு எலக்ட்ரான்கள்தாம் பொட்டிப்புரம் திட்டத்தின் மையம். அங்கு வைக்கத் திட்டமிட்ட கருவியில் 50,000 டன் இரும்பு அடங்கும். சுமார் 5.6 செ.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக 150-க்கு மேற்பட்ட அடுக்குகளாக அமையும். அடுக்குகளுக்கு இடையே, இரண்டு கண்ணாடித் தட்டுகளும் அவற்றின் நடுவே வாயுவும் கொண்ட உணர்விகள் செருகப்படும். இரும்பு முழுவதும் செப்புச் சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தால் காந்தமாக்கப்படும். காந்தப்புலத்தின் செறிவு ஏறத்தாழ 1.5 டெஸ்லா.

இரும்பின் 26 எலக்ட்ரான்களில் 18 உட்கூடுகளில் அடங்கிவிடுகின்றன. 4எஸ்-ல் 2, 3டி-யில் 6. டி உட்கூட்டின் ஐந்து ஆர்பிட்டால்களில் ஆறு எலக்ட்ரான்கள் அமரும்போது ஒன்றில் மட்டும் இணை சேர்கிறது. நான்கில் தனித்த எலக்ட்ரான்கள் நிற்கின்றன. இணைந்த எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். தனித்த நான்கும் ஒரே திசையில் அமைவதால் தனி இரும்பு அணு ஒரு நுண்காந்தம் ஆகிறது. திண்ம இரும்பில் இக்கணக்கு அப்படியே நிற்பதில்லை. அங்கு 3டி, 4எஸ் எலக்ட்ரான்கள் பல அணுக்களுக்கும் பொதுவாகப் பரவுகின்றன. அணு ஒன்றுக்குக் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன் நான்கு எலக்ட்ரான்களுக்கு உரியதாக இல்லாமல் ஏறத்தாழ 2.2 எலக்ட்ரான்களுக்கு உரியதாகக் குறைகிறது. பாடநூல்கள் இவ்விடத்தைச் சொல்லாமல் கடந்துவிடுவது வழக்கம். அண்டை அணுக்களின் நுண்காந்தங்கள் ஒரே திசையில் நிற்பதற்குப் பௌலியின் தத்துவத்திலிருந்து எழும் பரிமாற்ற விளைவு காரணம். 770 பாகை செல்சியசுக்கு மேல் வெப்ப அலைவு இவ்வொழுங்கைக் குலைத்துவிடும்.

மின்னோட்டத்தைச் சுமக்கும் சுருள் செம்பாகவும் காந்தமாகும் தகடு இரும்பாகவும் இருப்பதற்கும் எலக்ட்ரான் அமைப்பே விடை. செம்பின் 3டி நிறைந்துவிட்டமையால் தனித்த சுழற்சி அதிலில்லை. 4எஸ்-லுள்ள ஒற்றை எலக்ட்ரான் உலோகமெங்கும் தடையின்றி உலவுகிறது. இரும்பில் 3டி நிறையவில்லை. இருபத்தாறுக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையிலுள்ள மூன்று எலக்ட்ரான்கள் இப்பணிப் பங்கீட்டைத் தீர்மானிக்கின்றன.

இக்காந்தம் எதற்கு? விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் மியூவான்களும் நியூட்ரினோக்களும் தோன்றுகின்றன. மியூவான் எலக்ட்ரானை ஒத்த மின்னூட்டமும் அதனினும் சுமார் 207 மடங்கு நிறையும் உடையது. அது பாறையினுள் செல்லும்போது வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்து இடம்பெயர்த்து ஆற்றலை இழக்கிறது. 1 கி.மீ. பாறை, மேலிருந்து வரும் மியூவான்களை ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். மலை இங்கே சல்லடை. அச்சல்லடையின் கண்கள் எலக்ட்ரான்களால் பின்னப்பட்டவை. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே அணுவின் எலக்ட்ரான் பரப்பு அதனைத் தடுப்பதில்லை. மலையையும் நிலவுலகையும் ஊடுருவிச் செல்கிறது. மிக அரிதாக ஒரு நியூட்ரினோ இரும்புக் கருவோடு வினைபுரிந்து மியூவானைப் பிறப்பிக்கிறது. அம்மியூவான் உணர்வியின் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைக் கழற்றிச் செல்லும் தடமே பதிவாகிறது. காந்தப்புலம் எதிர்மின் மியூவானை ஒருபுறமும் நேர்மின் மியூவானை மறுபுறமும் வளைக்கிறது. வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்பதை அவ்வளைவு அறிவிக்கும்.

கருவி விடைகாண விழையும் வினா, நியூட்ரினோ வகைகளின் நிறை வரிசை எத்தகையது என்பது. நிலவுலகின் உட்பகுதியைக் கடந்துவரும் நியூட்ரினோக்கள் அங்குள்ள எலக்ட்ரான்களால் சிறிதளவு பாதிக்கப்படுகின்றன. 1978-ல் லிங்கன் வுல்ஃபென்ஸ்டைன் சுட்டிய இவ்விளைவை 1985-ல் மிகேயெவும் ஸ்மிர்னோவும் விரித்தனர். நியூட்ரினோவுக்கும் எதிர் நியூட்ரினோவுக்கும் இவ்விளைவு எதிரெதிராக அமைவதால் நிறை வரிசையை உய்த்தறிய இயலும். இங்கே ஒரு முரண் கவனத்துக்குரியது. இவ்விளைவில் எலக்ட்ரான்களின் அமைப்புக்கு இடமேயில்லை. ஒரு கன அளவில் எத்தனை எலக்ட்ரான்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே பொருட்டு. அவை 3டி-யில் உள்ளனவா 4எஸ்-ல் உள்ளனவா, இணைந்தனவா தனித்தனவா என்பதை நியூட்ரினோ பொருட்படுத்துவதில்லை. அதனைப் பிடிக்கும் இரும்புக்கோ அமைப்பே எல்லாம். ஒரே துகளை எண்ணிக்கையாக மட்டும் காணும் நிகழ்வும் அமைப்பாகக் காணும் நிகழ்வும் ஒரே கருவியில் சந்திக்கின்றன.

6. சொல்லும் அச்சமும்

மேற்கண்ட விளக்கத்திலிருந்து ஒன்று தெளிவாகும். இக்கருவியில் அணுக்கருப் பிளவு ஏதும் நிகழ்த்தப்படுவதில்லை. எரிபொருளும் இல்லை, எனவே அதன் கழிவும் இல்லை. இயற்கையில் எப்போதும் எவர் உடலிலும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோக்களுள் மிகச் சிலவற்றைப் பதிவு செய்வதே நோக்கம். இந்தியாவில் இத்தகைய முயற்சி புதிதன்று. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டன. அப்போது சுரங்கம் முன்பே இருந்தது, மலையைக் குடைய வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

திட்டத்தின் சட்டப் போக்கு நீண்டது. முதலில் நீலகிரியின் சிங்காரா பரிசீலிக்கப்பட்டு, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியமையால் 2009-ல் மறுக்கப்பட்டது. பொட்டிப்புரத்துக்கு அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நிறுத்திவைத்தது. 2018-ல் ஒன்றிய அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல், மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவின் அண்மை ஆகியவை பற்றிய வாதங்கள் கலைச்சொல் திருத்தத்தால் தீர்வன அல்ல. மாறாக, அணுக்கழிவு பற்றிய அச்சம் முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டமையால் அவ்வாதங்களே பின்தள்ளப்பட்டன என்றும் கொள்ள இடமுண்டு. திட்டத்தை ஏற்போருக்கும் மறுப்போருக்கும் சொல்மயக்கம் ஒருங்கே இழப்பைத் தந்துள்ளது.

கலைச்சொல்லாக்கத்தில் செய்யக்கூடியது சிறிது; ஆனால் செய்யக்கூடியதே. உலை, குண்டு, கழிவு, பிளவு, பிணைவு, ஆற்றல் ஆகியவற்றின்முன் ‘அணுக்கரு’ என்றே வழங்குதல் வேண்டும். ஒரே ஓர் அசைச்சொல் கூடுவதால் தொடர் நீளும் என்ற தடை வலுவற்றது; ‘மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்’ என்ற தொடரையே மக்கள் தயங்காது சொல்கின்றனர். நாளிதழ்களின் தலைப்பு அகலம் மட்டுமே மெய்யான இடையூறு. நிறம், காந்தம், ஒளி, பிணைப்பு பற்றிய இடங்களில் ‘அணு’ தன் முழுப்பொருளில் நிற்கலாம். ‘சுற்றுப்பாதை’ என்பதைப் போரின் கோட்பாட்டு வரலாற்றைக் கூறுமிடத்துக்கு மட்டும் வரையறுத்து, எலக்ட்ரான் அமைப்பைக் கூறுமிடத்தில் கூடு, உட்கூடு, ஆர்பிட்டால் என வழங்குவது பொருத்தம்.

பொட்டிப்புரத்தில் குகை இதுவரை குடையப்படவில்லை. திட்டமிட்ட கருவியின் சிற்றுருவாகிய 85 டன் இரும்புக் காந்தம் மதுரையில் நிறுவப்பட்டு 2018 முதல் இயங்கிவருகிறது. மேலே பாறை இல்லாமையால் அது பெரும்பாலும் மியூவான்களையே பதிவு செய்கிறது. அதன் தகடுகளிலும் 3டி எலக்ட்ரான்களே காந்தத்தைத் தாங்கி நிற்கின்றன.